நாலாவது ஆள் யார்?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்குக் கொடுத்திருப்பது பத்து நிமிடம். வணக்கத்தை நீட்டினால் நடுவரின் கை மணியைத் தேடிப் போய்விடும். சரி எது, தவறு எது என்பதை ஒரு சமூகத்தில் முடிவு செய்வது நாலு பேரா, மனசாட்சியா என்பது தலைப்பு. மனசாட்சியே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

வந்த இடத்தில் எதிரணிப் பேராசிரியர் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். "மனசாட்சி என்பது பல்செட் மாதிரி. பகலில் மாட்டிக்கொள்ளலாம், இராத்திரி கழற்றி டம்ளரில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் மட்டும் வாயைத் திறக்காமல் சிரித்ததையும் நான் கவனித்தேன்.

பேராசிரியருக்குத் தத்துவம் தெரியும். பல்செட்டைப் பற்றித் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் என் தாத்தாவின் பல்செட்டோடு ஒரே கூடத்தில் படுத்து வளர்ந்தவன். அவர் இரவு ஒன்பது மணிக்கு அதைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் போட்டு, சுவரில் இருக்கும் மாடத்தில் வைப்பார். கழற்றியவர் குறட்டை விடத் தொடங்கிவிடுவார். பல்செட் தூங்காது. முற்றத்து நிலா வெளிச்சத்தில் அது இரவு முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் தாத்தா, பங்காளிகளுக்குள் நடந்த வரப்புத் தகராறு ஒன்றில், வேண்டியவர் ஒருவருக்காக வாய் கூசாமல் பொய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தார். அன்று இரவு வழக்கம்போலப் பல்லைக் கழற்றினார், டம்ளரில் போட்டார், படுத்தார். சற்று நேரம் கழித்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து டம்ளரின் மேல் போட்டு மூடிவிட்டு மறுபடியும் படுத்தார். அந்த ஒரு நாள் குறட்டைச் சத்தம் வரவில்லை.

ஆகவே நடுவர் அவர்களே, மனசாட்சியைக் கழற்றி வைக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. கழற்றிய பிறகு துண்டுக்கு எங்கே போவது என்பதைத்தான் பேராசிரியர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இனி நாலு பேருக்கு வருகிறேன். விருந்தாளிக்கு முதலில் இலை போடு, பெரியவர் வந்தால் எழுந்து நில் என்றெல்லாம் நமக்குக் கற்றுத் தந்தது ஊர்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி வேறு. அந்த நாலு பேர் யார்?

இந்தக் கேள்வியை நான் முதன்முதலில் கேட்டபோது எனக்குப் பத்து வயது. 1978ஆம் ஆண்டு, திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. என் அத்தை இருபத்தொரு வயதில் கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். வீட்டில் ஒரு வளைகாப்பு. காலையிலிருந்து அடுப்படியில் நின்று ஐந்து வகைச் சாதமும் கிளறியவர் அத்தைதான். வளையல் அடுக்கும் நேரம் வந்ததும் பாட்டி அவரைப் பார்த்து, "நீ பின்கட்டில் இரு" என்றார். "ஏன் பாட்டி?" என்றேன். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார். "எந்த நாலு பேர்?"

பாட்டி நல்லவர், கணக்கும் தெரிந்தவர். விரல் விட்டார். கோடி வீட்டுப் பெரியம்மா ஒன்று. எதிர்வீட்டு மாமி இரண்டு. கீழத்தெரு சித்தி மூன்று. நான்காவது விரல் மடங்காமல் அப்படியே நின்றது. "போடா, வேலையைப் பார்" என்று என்னை விரட்டிவிட்டார்.

நான் வேலையைத்தான் பார்த்தேன். மறுநாள் மூன்று வீட்டுக்கும் போனேன். கோடி வீட்டுப் பெரியம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். "அத்தை கூடத்துக்கு வந்தால் உங்களுக்கு என்ன பெரியம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்னடா வந்தது? பாவம், சின்னப் பெண். ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றார். எதிர்வீட்டு மாமியும் அதையே சொன்னார், கூடவே ஒரு முறுக்கும் கொடுத்தார். கீழத்தெரு சித்தி அழுதேவிட்டார். அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவரும் அதையே சொன்னார். சித்தியிடம் மட்டும் நான் விடாமல், "அந்த நாலு பேர் யார் சித்தி?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டார். கோடி வீட்டுப் பெரியம்மா ஒன்று. எதிர்வீட்டு மாமி இரண்டு. மூன்றாவதாக அவர் சொன்ன பெயர் என் பாட்டியுடையது.

நாலாவது ஆள் கிடைத்துவிட்டார். எங்கள் வீட்டிலேயே இருந்தார். நாலு பேரில் ஒருவருக்குக்கூட அத்தையைப் பின்கட்டில் வைப்பது சரி என்று படவில்லை. ஆளுக்கு ஆள் மற்ற மூவருக்குப் பயந்து அந்தப் பெண்ணை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

ஊர் கூடி முடிவு செய்கிறது என்கிறீர்களே, எண்ணியே பார்த்துவிடுவோம். கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளச் சட்டம் வேண்டும் என்று கல்கத்தாவில் ஈசுவர சந்திர வித்யாசாகர் அரசுக்கு மனுக் கொடுத்தபோது அதில் இருந்த கையெழுத்துகள் ஆயிரத்தைத் தொடவில்லை. கூடாது என்று போன எதிர்மனுவில் முப்பதாயிரத்துக்கும் மேல் இருந்தன. தலையை எண்ணித் தர்மத்தைத் தீர்மானிப்பதானால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். 1856ஆம் ஆண்டு சட்டம் வந்துவிட்டது. "வித்யாசாகரே மறுமணத்துக்கு இடம் தரும் பராசர முனிவரின் வாக்கைத்தானே ஆதாரமாகக் காட்டினார், அது நாலு பேர் மதித்த நூல்தானே?" என்று பேராசிரியர் குறுக்கே கேட்டார். காட்டினார், உண்மைதான். அந்த நூல் அவருக்கு முன்னும் பல நூற்றாண்டுகளாக எல்லார் வீட்டுப் பரணிலும் இருந்தது. மனம் வலித்தவருக்கு மட்டும் அந்த வரி கண்ணில் பட்டது.

சரி, சட்டம்தான் வந்துவிட்டதே என்பீர்கள். சட்டம் வந்து முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1889இல், நம் ஊர்க்காரர் ஜி. சுப்பிரமணிய ஐயர், தி இந்துவையும் சுதேசமித்திரனையும் தொடங்கியவர், கணவனை இழந்த தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். நாட்டின் சட்டம் அவர் பக்கம் இருந்தது. சொந்தச் சமூகம் அவரைத் தள்ளி வைத்தது. சிறுவயதிலேயே கைம்பெண்ணாகி, படித்து, 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களுக்காகச் சென்னையில் இல்லம் நடத்திய சகோதரி சுப்புலட்சுமியை எந்த நாலு பேர் வந்து கேட்டுக்கொண்டார்கள்? கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போன ஊர் அது. சட்டம் வந்து நூற்றிருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் என் அத்தை பின்கட்டில் இருந்தார் என்றால், சட்டத்தாலும் ஆகாமல் ஊராலும் ஆகாமல் நின்ற வேலை ஒன்று இருந்தது என்றுதானே பொருள்?

மணி அடித்துவிட்டது, கேட்கிறது. வளைகாப்பை மட்டும் சொல்லிவிட்டு நிச்சயதார்த்தத்தைச் சொல்லாமல் போனால் என் அத்தை என்னை மன்னிக்க மாட்டார்.

1993இல் தாத்தா போய்விட்டார். மாடத்து டம்ளரை யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு விசேஷ நாட்களில் பின்கட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், தாயும் மகளும். யாரும் பாட்டியைப் போகச் சொல்லவில்லை. தாமாகவே எழுந்து போய் உட்கார்ந்துகொள்வார். தனக்கு வலித்த பிறகு வந்த மனசாட்சிதானே அது என்று பேராசிரியர் கேட்கலாம். கேட்கட்டும், பதில் என்னிடம் இல்லை.

1997இல் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். கூடம் நிறைய ஆட்கள். மாப்பிள்ளை வீட்டார் தாம்பூலத் தட்டை எடுத்துவிட்டார்கள். அப்போது பின்கட்டுக் கதவு திறந்தது. எண்பத்து நான்கு வயதில், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பாட்டி கூடத்தின் நடுவில் வந்து நின்றார். கோடி வீட்டுப் பெரியம்மா அங்கே இருந்தார். எதிர்வீட்டு மாமி இருந்தார். கீழத்தெரு சித்தியும் இருந்தார். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சித்தி மட்டும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அத்தையின் பக்கமாக நகர்த்தினார்.

பாட்டி தட்டிலிருந்து மல்லிகைச் சரத்தைக் கிள்ளி அத்தையின் தலையில் வைத்தார். அது வழுக்கி விழுந்தது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் விழுந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளில், நடுவர் அவர்களே, பூவைத் தாங்குகிற அளவுக்கு அந்தத் தலையில் முடி மிச்சமிருக்கவில்லை. பாட்டி தன் வெள்ளைக் கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். கொண்டை அவிழ்ந்து முதுகில் விழுந்ததைக்கூடப் பொருட்படுத்தாமல், நடுங்குகிற விரல்களால் அந்த ஊசியை அத்தையின் தலையில் செருகி, பூவை நிறுத்தினார்.

வணக்கம்.