சின்ன லாட் வேலைக்கு எந்த சிஎன்சி லேத் வாங்கலாம்?

[திரையில்: மேசை மேல் ஒரு பித்தளை புஷ், ஒரு ஸ்டீல் பின், ஒரு அலுமினிய மூடி]

வணக்கம். சிஎன்சி லேத், அதாவது உலோகத்தைச் சுழலவிட்டு வெட்டும் கணினிக் கட்டுப்பாட்டு மெஷின், வாங்கப் போகிறீர்களா? கேட்லாக்கைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். போன வருடம் நீங்கள் செய்த ஜாப், வெளியே கொடுத்து வாங்கிய ஜாப், எல்லாவற்றையும் இப்படி மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றின் டயா (விட்டம்), நீளம், டாலரன்ஸ் (அளவு எவ்வளவு பிசகலாம் என்ற வரம்பு) மூன்றையும் எழுதுங்கள். பத்தில் எட்டு பீஸ் எந்த அளவுக்குள் அடங்குகிறதோ, அந்த அளவுக்கு மெஷின் பாருங்கள். எப்போதோ ஒரு முறை வரும் பெரிய ஜாப்புக்காகப் பெரிய மெஷின் வாங்கினால், மற்ற நாளெல்லாம் அதற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். அந்த ஒன்றை வெளியே கொடுத்துவிடலாம்.

[திரையில்: கரும்பலகையில் கணக்கு]

இப்போது ஒரு கணக்கு. 20 பீஸ் ஆர்டர். ஒரு பீஸ் ஓட 2 நிமிடம், மொத்தம் 40 நிமிடம். செட்டிங்குக்கு, அதாவது அந்த ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்ய, 2 மணி நேரம் என்று வையுங்கள். அப்படியானால் ஒவ்வொரு பீஸ் தலையிலும் 6 நிமிட செட்டிங் ஏறுகிறது. "எங்கள் மெஷின் பீஸுக்கு 20 வினாடி மிச்சம் பிடிக்கும்" என்று விற்பவர் சொல்வார். இந்த லாட்டில் அது ஏழு நிமிடம்கூட வராது. செட்டிங்கை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் முழுதாக 60 நிமிடம் கையில் நிற்கும். ஆயிரக்கணக்கில் ஓட்டுபவருக்குக் கணக்கு வேறு. நமக்கு, செட்டிங் எவ்வளவு சீக்கிரம் முடியும் என்பதுதான் முதல் கேள்வி.

[திரையில்: கிராஸ் ஸ்லைடில் வரிசையாக நிற்கும் டூல்கள்]

அதனால்தான் சின்ன பீஸ் செய்பவர்களுக்கு நான் கேங் டூல் லேத்தைத் தயங்காமல் சொல்வேன். டூல்கள் ஒரே வரிசையில் நிற்கும், டரட் (டூல்களைச் சுழற்றி மாற்றும் தலை) சுற்றும் வேலையே இல்லை. பழுதாகக்கூடிய பாகங்கள் குறைவு, விலையும் குறைவு. ஒரு முறை செட் செய்த டூல் அதே இடத்தில் இருக்கும், அடுத்த ஜாப்புக்கும் அப்படியே உதவும். டயா பெரிதானால் மட்டும் சிக்கல்: ஒரு டூல் வெட்டும்போது பக்கத்து டூல் ஜாப்பில் இடிக்கும். டெயில்ஸ்டாக் (ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் பாகம்) கேட்கும் நீள ஷாஃப்ட், பெரிய ஃபிளாஞ்ச் (வட்டத் தட்டு போன்ற பீஸ்) என்றால் டரட் மெஷின்தான் சரி.

அப்புறம் ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று. வெட்டும் வேகத்தை ஆயிரத்தால் பெருக்கி, பை (3.14) பெருக்கல் டயாவால் வகுங்கள். கார்பைடு இன்சர்ட்டில் (டூலில் மாட்டும் கடினமான வெட்டுமுனை) நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகம் வேண்டுமென்றால், 40 மில்லிமீட்டர் டயாவுக்கு ஏறக்குறைய 1,200 ஆர்பிஎம் போதும். 10 மில்லிமீட்டருக்கு 4,800 வேண்டும். சின்ன பின் செய்பவர் 2,500 ஆர்பிஎம் மெஷின் வாங்கினால் ஃபினிஷுக்காகத் தினமும் போராடுவார்.

ஸ்லைடை நகர்த்தும் மோட்டார் ஸ்டெப்பரா, சர்வோவா? பட்ஜெட் இடம் கொடுத்தால் சர்வோ. என்கோடர் (எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துச் சொல்லும் கருவி) இல்லாத ஸ்டெப்பர் ஒரு ஸ்டெப்பைத் தவறவிட்டால் மெஷினுக்கே தெரியாது, அடுத்த பீஸெல்லாம் தவறான அளவில் வரும். சர்வோ அலாரம் அடித்து நின்றுவிடும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் மெஷினுக்கே கொடுத்துவிடாதீர்கள், இது என் அழுத்தமான வேண்டுகோள். ஜாப்பைப் பிடிக்கும் கோலட், சாஃப்ட் ஜா, துளைக்குள் வெட்டும் போரிங் பார், இன்சர்ட், மைக்ரோமீட்டர் எல்லாம் சேர்ந்தால்தான் அது லேத்.

[திரையில்: டயல் இண்டிகேட்டர், மிக அருகில்]

பழைய மெஷின் பார்க்கப் போனால், நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் இந்த டயல் இண்டிகேட்டரைக் கையோடு கொண்டு போங்கள். இதன் முனையை ஸ்லைடில் (டூலைச் சுமந்து நகரும் பாகம்) தொடவைத்து, ஒரு திசையில் நகர்த்தி, முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். இப்போது எதிர்த்திசையில் சின்னச் சின்ன அடியாக நகர்த்துங்கள். திரையில் எண் மாறியும் முள் அசையாமல் நிற்கிறதே, அதுதான் பேக்லாஷ். எக்ஸ் அச்சில் (டூல் ஜாப்பின் மையத்தை நோக்கி நகரும் திசை) 0.02 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் டயாவில் 0.04 ஆகத் தெரியும். ஒரே இடத்தில் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். பால் ஸ்க்ரூ (ஸ்லைடை நகர்த்தும் திருகு) தேய்வது பெரும்பாலும் சக் (ஜாப்பைப் பிடிக்கும் தலை) பக்கத்தில், ஏனென்றால் வேலை நடப்பது அங்கேதான். எல்லா இடத்திலும் ஒரே அளவு ஆட்டம் என்றால் கன்ட்ரோலில் ஈடு செய்யலாம். இடத்துக்கு இடம் மாறினால் முடியாது.

கடைசியாக, உங்கள் பீஸையே பத்து வெட்டச் சொல்லுங்கள். நடுவில் ஆஃப்செட்டை (கன்ட்ரோலில் போடும் அளவுத் திருத்தம்) தொடக்கூடாது. வெட்டிய வரிசையிலேயே அளந்து எழுதுங்கள்.

[திரையில்: காகிதத்தில் பத்து எண்கள், பக்கத்தில் பத்து பீஸ்]

அளவு ஒரே பக்கமாக மெல்ல நகர்ந்தால் பெரும்பாலும் சூடு, அல்லது டூல் தேய்மானம். மெஷின் சூடேறிய பிறகு இன்னொரு பத்து ஓட்டிப் பாருங்கள். மேலும் கீழுமாகத் தாவினால் எங்கோ பிடிமானம் சரியில்லை: ஸ்பிண்டில் பேரிங், சக், டூல் போஸ்ட், எதுவாகவும் இருக்கலாம். அது எது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து காட்டும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.