கயிற்றை விடுங்கள், கதவைப் பாருங்கள்

(ஓசூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுக் கூட்டத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளே, வணக்கம்.

உள்ளே வரும்போது ஓர் அம்மா என்னை நிறுத்தினார். பாலக்கோட்டிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஐந்தாவது மாடி. முழங்கால் வலியோடு படியேறுகிறார். “கயிறு அறுந்துவிட்டால் என்னப்பா செய்வது?” என்று கேட்டார்.

அம்மா, நீங்கள் ஏற்றம் பார்த்தவர். ஒரு முனையில் சால், மறுமுனையில் கல். லிஃப்டும் அந்த வகைதான். பெட்டிக்கு எதிராக ஓர் எடைக்கட்டு தொங்குகிறது. பெட்டியின் எடையோடு, அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறக்குறையப் பாதியும் சேர்ந்த எடை. ஆளில்லாத பெட்டியில் பிரேக் நழுவினால் அது கீழே விழாது, மேலே போகும்! தாங்குவதும் ஒற்றைக் கயிறன்று, பல எஃகு வடங்கள். எல்லாமே அறுந்தாலும், வேகம் மீறியதும் பெட்டியின் பிடிகள் இருபக்கத் தண்டவாளங்களைக் கவ்விக்கொள்ளும். 1854இல் நியூயார்க் கண்காட்சியில் இத்தகைய பிடியை உருவாக்கிய எலிஷா ஓட்டிஸ், கயிற்றில் தொங்கிய மேடையில் தானே ஏறி நின்று, கூட்டத்தின் கண்ணெதிரே கயிற்றை வெட்டவைத்தார். மேடை சற்றே இறங்கி நின்றுவிட்டது. அன்றைய பொறி வேறு, யோசனை இதுதான்.

நான் பயப்படுவது கதவுக்கு. ஒரு கட்டடம், பெயர் வேண்டாம். தரைத்தளக் கதவின் பூட்டு தேய்ந்திருந்தது. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. ஒரு முதியவர் கதவை இழுத்தார், திறந்தது. வழக்கம்போல் கைத்தடியை முதலில் ஊன்றினார். தடி குழிக்குள் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டி வரவில்லை என்று தெரிந்தது. பூட்டைக் கழற்றிப் பார்த்தேன். கொக்கியின் முனை சப்பிய மிட்டாய் போல மழுங்கியிருந்தது. நம்மில் பலர் கையில் தடி இல்லை, கைபேசிதான் இருக்கிறது. கதவு திறந்தால் முதலில் கண் உள்ளே போகட்டும், பிறகு கால்.

பிள்ளைகளே, கம்பிக்கதவின் இடுக்கில் விரல் விடாதீர்கள். மாடிக் கதவுக்கும் பெட்டிக் கதவுக்கும் நடுவே ஒளிந்து விளையாடவே கூடாது. தானியங்கிக் கதவின் சென்சாருக்கு உங்கள் கை தெரியும். துப்பட்டா நுனியும் நாய்க்கயிறும் தெரியாமல் போகலாம்.

ஒகேனக்கலில் பரிசல்காரர் “இதற்குமேல் ஆள் ஏறக் கூடாது” என்றால் மறுபேச்சில்லாமல் இறங்குகிறோம். லிஃப்டில் மணியடித்தால் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். ஆறு பேர், 408 கிலோ என்று எழுதியிருப்பது ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கில். மாம்பழக் கூடைகள் அதில் சேரவில்லை.

நடுவழியில் நின்றுபோனால் மூச்சு முட்டாது, காற்றுக்கு வழி இருக்கிறது. மணியை அழுத்திவிட்டு உட்காருங்கள். கதவை நெம்பிக் கீழ்த்தளத்துக்குக் குதிக்கிறவர், பெட்டிக்கு அடியில் தெரியும் இடைவெளி வழியாகக் குழிக்குள் போய்விடக்கூடும். தீப்பிடித்தால் படிக்கட்டுதான்.

தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி லிஃப்டுக்கு உரிமம் வேண்டும். அது நடப்பில் இருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்போது அந்த அம்மாவோடு ஐந்தாம் மாடிக்குப் போகப்போகிறேன். செயலாளர் ஐயா, நீங்களும் வாருங்கள். இரண்டாம் மாடிக் கதவு சாத்தும்போது ஒரு சத்தம் வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.