மூன்று நாள் பொறுத்திருந்தால்

தலைமை வகிக்கும் மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் சபை மூப்பர்களே, ஆரம்ப ஜெபம் ஏறெடுத்த அம்மா அவர்களே, மனம் உருகப் பாடிய பாடகர் குழுவினரே, அழைப்பிதழோடு வீடு தேடி வந்த வாலிபர் சங்கச் செயலாளர் தம்பி அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, எல்லோருக்கும் என் அன்பின் வணக்கம். யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தீர்மானம் எடுக்குமுன் செய்ய வேண்டியவை மூன்று: விசாரிப்பது, செலவைக் கணக்கிடுவது, ஆலோசனை கேட்பது. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசு கேட்டார். ‘உட்கார்ந்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்களும் சொன்னார்கள்.

முதலில் விசாரிப்பது. வேதாகமத்தில் யோசுவா 9ஆம் அதிகாரம். யோசுவாவின் தலைமையில் இஸ்ரவேலர் தங்கியிருந்த கில்கால் பாளயத்துக்குச் சிலர் வருகிறார்கள். கழுதைகள்மேல் பழைய சாக்குகள், கிழிந்து கட்டப்பட்ட திராட்சரசத் தோல்பைகள், காலில் ஒட்டுப்போட்ட செருப்பு, உடம்பில் பழைய துணி. “ரொம்பத் தூரத்திலிருந்து வருகிறோம். புறப்பட்ட அன்று சுடச்சுட எடுத்த அப்பம் ஐயா இது, காய்ந்து பூசணம் பூத்துவிட்டது பாருங்கள்” என்று நீட்டுகிறார்கள். ‘நீங்கள் எங்கள் நடுவிலே குடியிருக்கிறவர்களோ என்னவோ’ என்று இஸ்ரவேலர் சந்தேகப்படத்தான் செய்தார்கள்; அந்த நாட்டுக் குடிகளோடு உடன்படிக்கை செய்யக் கூடாதல்லவா? நல்ல சந்தேகம்! ஆனால் அதை விட்டுவிட்டார்கள். அப்பத்தைப் பார்த்தார்கள், கர்த்தரிடம் கேட்கவில்லை. யோசுவா உடன்படிக்கை செய்தார், பிரபுக்கள் ஆணையிட்டார்கள். மூன்றே நாள்! வந்தவர்கள் பக்கத்து ஊர் கிபியோனியர் என்று தெரிந்துவிட்டது. ஜனங்கள் முறுமுறுத்தார்கள். என்ன பயன்? ஆணை ஆணைதான். அடுத்த அதிகாரத்தில் அந்தக் கிபியோனுக்காக ஐந்து ராஜாக்களோடு யுத்தம் செய்ய வேண்டி வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டார்கள்.

சகோதரரே, இன்று பூசணம் பூத்த அப்பம் எந்த உருவத்தில் வருகிறது? ஜாமீன் பத்திரமாக வருகிறது. நானும் ஒருவருக்காகப் போட்டேன். பேனா மூடியை அவரே கழற்றிக் கையில் கொடுத்தார். நின்றபடியே, மடித்திருந்த தாளை விரிக்காமலே கையெழுத்திட்டேன். அவர் தவணை கட்டாமல் விட்டதும் நோட்டீஸ் என் வீட்டு வாசலுக்கு வந்தது. கட்டி முடிக்க ஆறு வருஷம் ஆனது. கடனுக்குப் பிணைப்படாதே, கட்ட வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்களே என்று நீதிமொழிகள் 22இல் இருக்கிறது. சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த வசனம் அது. அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

ஆகவே மன்றாடிக் கேட்கிறேன். யார் ஜாமீன் கேட்டாலும், அண்ணன் தம்பியே ஆனாலும், “மூன்று நாள் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். அந்த மூன்று நாளில் வீட்டாரோடு உட்கார்ந்து பத்திரத்தை வரிவரியாகப் படியுங்கள். இன்றே முடியாவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அவசரப்படுத்துகிறவரிடம் ‘இல்லை’ என்றே சொல்லிவிடுங்கள். உறவு ஒரு வாரம் கசக்கும், கசக்கட்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே!

வாசலருகே மேசையில், ‘மூன்று நாள் பொறுத்திருப்பேன்’ என்ற உறுதிமொழித் தாள்கள் வைத்திருக்கிறோம். இப்போதே கையெழுத்திட வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துப் பாருங்கள். மனதுக்குச் சரியென்று பட்டால் அடுத்த ஞாயிறு கொண்டு வாருங்கள்.