தரைப்பாலத்தில் இறங்காதீர்கள்

(தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் நிற்கும் தம்பிகளே, வணக்கம்.

நாம் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். தண்ணீரைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டாம் என்ற எண்ணம் நமக்குள் உண்டு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பள்ளி விடுமுறைக் காலம், அருவியில் கூட்டம். மலைமேல் பெய்த கோடை மழை திடீரென்று இறங்கியது. ஜனங்கள் அலறிக்கொண்டு மேடேறிய காட்சியைப் போனில் பார்த்திருப்பீர்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான்.

காட்டாற்று வெள்ளம் அப்படித்தான் வரும். மழை பெய்வது ஓரிடம், ஆளைக் கொல்வது வேறிடம். ஒரு சதுர கிலோமீட்டர் மலையில் 10 செ.மீ. மழை பெய்தால் அது 10 கோடி லிட்டர் தண்ணீர். செங்குத்துப் பாறை அதை உறிஞ்சாது. நாலைந்து ஓடைகளில் ஓடி, ஒரே வாய் வழியாக இறங்கிவிடும். அதனால் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கிறதே என்று தைரியமாக நிற்காதீர்கள். மேற்கே மலையைப் பாருங்கள், அங்கே கறுத்திருந்தால் கரைக்கு வந்துவிடுங்கள். தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ அந்த நொடியே ஏறவேண்டும். ஆற்றின் போக்கிலேயே ஓடாமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். கழற்றி வைத்த சட்டையையும் போனையும் எடுக்கத் திரும்ப வேண்டாம். குற்றாலம் மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸார் குளிக்க விடமாட்டார்கள். அவர்களிடம் வாக்குவாதம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மலையடிவாரத்தோடு இது முடிந்துவிடுவதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீர் சாத்தனூர் அணைக்கு வந்தது. டிசம்பர் 2 அதிகாலை, ஊர் தூங்கும் நேரத்தில், அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் கரையோர ஊர்கள் மூழ்கின. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் நம் ஊர் மழையை மட்டும் பார்த்தால் போதாது, மேலே உள்ள அணையின் நீர்மட்டத்தையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ரெட் அலர்ட் என்றால் 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். அன்று இரவு வீட்டில் ஒருவராவது விழித்திருக்கட்டும்.

சரி, நான் முக்கியமாகப் பேச வந்தது தரைப்பாலத்தைப் பற்றி. அருவியில் வெள்ளம் நம்மைத் தேடி வருகிறது. தரைப்பாலத்தில் நாமே அதைத் தேடிப் போகிறோம். "முழங்கால் அளவுதானே, போயிடலாம்" என்கிறோம். ஓடும் தண்ணீரை ஆழத்தை மட்டும் வைத்து அளக்கக் கூடாது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடினால் அரையடித் தண்ணீரே பெரிய ஆளையும் சாய்த்துவிடும். "கார் கனமானது, ஒன்றும் ஆகாது" என்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். சின்னக் காரின் அடிப்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். காரின் தரைக்கு மேல் 20 செ.மீ. தண்ணீர் ஏறினால் ஏறக்குறைய 1,000 கிலோவை அது தூக்கும். காரின் எடையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். டயர் பிடிமானம் இழந்த பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பி என்ன பயன்? அப்புறம், கலங்கல் தண்ணீருக்கு அடியில் பாலம் இன்னும் இருக்கிறதா, பாதி அரித்துப் போய்விட்டதா என்று யாருக்குத் தெரியும்?

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த நேரம் அது. சுமார் 800 பயணிகள் சோறு தண்ணீருக்குத் தவித்தார்கள். ஆனால் அந்தத் தடத்தில் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயில் போயிருந்தால்? அத்தனை பெரிய ரயிலே நின்றது, டூவீலரில் போகும் நாம் நிற்கக் கூடாதா?

கார் தண்ணீரில் மாட்டிக்கொண்டால் பெல்ட்டைக் கழற்றி உடனே கண்ணாடியை இறக்குங்கள், மின்சாரம் போனால் இறக்க முடியாது. வண்டியை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக வெளியே வாருங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் முன் மெயினை அணையுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடவே கூடாது. அறுந்த கம்பிக்குப் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள்.

நம் ஊர்த் தரைப்பாலத்தில் அளவுக்கம்பம் இல்லை. இருபுறமும் இரண்டு கம்பம் நட்டு, அரையடிக்கு ஒரு கோடு சிவப்பு பெயிண்டில் போடவேண்டும். தண்ணீர் பாலத்தின் மேல் ஓடத் தொடங்கியதும் குறுக்கே கயிறு கட்டி, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லவேண்டும். இரவில் டார்ச்சோடு கரைக்கு இருவர் வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன் இந்த வேலை முடியவேண்டும். நூலகத்தில் நோட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வேலைக்கு வருகிற தம்பிகள் போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.