தீர்வு கிடைத்த பிறகும் அனாமலஸ் டேட்டா எதற்கு?

எக்ஸ்-ரே படிகவியலில் புரத அமைப்பைக் கண்டறிபவர் ஒருவரின் அடுத்த கேள்வி: "செலினோமெத்தியோனின் சேர்த்த புரதம், 2.9 ஆங்ஸ்ட்ராம் டேட்டா. மாலிக்யுலர் ரீப்ளேஸ்மென்ட்டிலேயே ஃபேஸ் கிடைத்துவிட்டது. இனி அனாமலஸ் சிக்னலால் ஏதாவது பயன் உண்டா?"

உண்டு, நிறையவே உண்டு. முதலில் சொற்கள்: செலினோமெத்தியோனின் என்பது கந்தகத்துக்குப் பதில் செலினியம் உள்ள மெத்தியோனின். ஃபேஸ் என்பது சிதறிய அலையின் கட்டம், அது டேட்டாவில் நேரடியாக வராது. அதை ஒத்த புரதத்தின் அமைப்பிலிருந்து கடன் வாங்குவதுதான் மாலிக்யுலர் ரீப்ளேஸ்மென்ட். செலினியம் போன்ற அணுக்கள் எக்ஸ்-ரேயைச் சற்று மாறுபட்டுச் சிதறடிப்பதால் வருவது அனாமலஸ் சிக்னல். மாலிக்யுலர் ரீப்ளேஸ்மென்ட்டில் வரும் மேப் (எலக்ட்ரான் அடர்த்திப் படம்), நாம் வைத்த மாடலையே நமக்குத் திருப்பிக் காட்டும் குணம் கொண்டது. 2.9 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் பக்கச் சங்கிலிகள் வெறும் மேடுகளாகத்தான் தெரியும். அந்த நிலையில் ஒரு ஹெலிக்ஸில் (சுருளில்) வரிசையை ஒரு ரெசிட்யூ (அமினோ அமிலம்) தள்ளிப் பொருத்திவிட்டால்கூட ஆர்-ஃப்ரீ, அதாவது ஒதுக்கிவைத்த டேட்டாவோடு மாடல் எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண், பெரிதாக அலறாது.

இங்கேதான் செலினியம் உதவுகிறது. பிரீடல் ஜோடிகளை (எதிரெதிர்த் திசையில் வரும் பிரதிபலிப்புகள்; அனாமலஸ் சிதறல் இல்லாவிட்டால் இரண்டின் செறிவும் சமம்) சேர்த்துவிடாமல் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் வித்தியாசத்தையும், மாடல் ஃபேஸிலிருந்து 90 டிகிரி கழித்ததையும் வைத்து அனாமலஸ் டிஃபரன்ஸ் மேப் போடுங்கள். ஃபேஸ் மாடலுடையதுதான், ஆனால் வித்தியாசம் படிகத்திலிருந்து நேராக வந்தது. இந்த மேப்பின் உச்சம் செலினியம் எங்கே என்று காட்டும். அது உங்கள் மெத்தியோனினில் இல்லாமல் பக்கத்து லியூசினில் உட்கார்ந்திருந்தால், வரிசை நழுவியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெலிக்ஸில் ஒரு ரெசிட்யூ நகர்ந்தால் பக்கச் சங்கிலி 100 டிகிரி திரும்பிவிடும், அதனால் தப்பு பளிச்சென்று தெரியும். ஆனால் உச்சம் இல்லை என்பதற்காக மட்டும் மாடலைக் கலைக்காதீர்கள். தொடக்க மெத்தியோனின் பெரும்பாலும் வெட்டுப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் ஆடிக்கொண்டிருக்கும்.

சரி, ரிஃபைன்மென்ட்டில், அதாவது மாடலை டேட்டாவோடு பொருத்திச் சீராக்கும்போது? செலினியத்தை மட்டும் வைத்துக் கிடைத்த ஃபேஸ் என்றால் ஹெண்ட்ரிக்சன்-லாட்மன் கெழுக்களாக (ஃபேஸின் நிகழ்தகவைச் சொல்லும் எண்கள்) கொடுக்கலாம். மாடலோடு கலந்து வந்த ஃபேஸை 'சோதனை ஃபேஸ்' என்று திருப்பிக் கொடுப்பது கூடாது. ஒரே தகவலை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். இந்தத் தப்புதான் அதிகம் நடக்கிறது. ரெஃப்மேக் என்ற ரிஃபைன்மென்ட் மென்பொருளில் அனாமலஸ் டேட்டாவை நேரடியாகவே இலக்காக வைக்கும் வழி இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

இதற்கெல்லாம் அடிப்படையான வேலை சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நடந்தது. அனாமலஸ் சிதறலிலிருந்து ஃபேஸ் எடுக்கலாம் என்று ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் 1956-இல் எழுதினார்கள். புரதச் சங்கிலியின் திருப்பக் கோணங்களைக் காட்டும் ராமச்சந்திரன் பிளாட்டுக்குப் பெயர் கொடுத்த அதே ராமச்சந்திரன்தான்.

அப்புறம், செலினியமே இல்லாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மாடலில் நீர் என்று வைத்த இடத்தில் அனாமலஸ் உச்சம் தெரிந்தால் அது நீர் அல்ல. தாமிர கே-ஆல்ஃபா கதிரில் கால்சியத்துக்கு எஃப் இரட்டைப் பிரைம் (அனாமலஸ் சிதறலின் வலிமை) சுமார் 1.3 எலக்ட்ரான், மக்னீசியத்துக்கு 0.2-கூட இல்லை. எது உட்கார்ந்திருக்கிறது என்ற சந்தேகத்தை ஆய்வகத்து எக்ஸ்-ரே கருவியிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.