கராத்தே கறுப்புப் பட்டிப் பரீட்சை: மணலில் பழகினவர் மண்டபத்தில் நிற்பது எப்படி?

[காட்சி: விடிகாலை, பள்ளிக்கூட மைதானம். மணலில் இரண்டு வெறுங்கால் தடங்கள். கமரா மேலிருந்து இறங்குகிறது.]

இந்த இரண்டு தடத்தையும் பாருங்கோ. முன்காலும் பின்காலும் ஒரே கோட்டில் பதிந்து கிடக்கின்றன. இதில் நின்றவர் ஆடவில்லை, ஏனென்றால் மணல் பாதத்தைப் பிடித்துக்கொண்டது. இதே ஆள் சீமெந்து நிலத்தில் இப்படி நின்று ஒரு குத்து விட்டால் இடுப்பு ஆடும்.

வன்னியில் கனபேர் பழகுவது மைதானத்தில். பரீட்சை பெரும்பாலும் மண்டபத்துக்குள், மாபிளிலோ மெத்தையிலோ. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போய், ஷோடான் (முதற் கறுப்புப் பட்டி) பரீட்சையில் அங்கே முதற்தடவையாக வழுக்கும் நிலத்தைச் சந்திப்பதுதான் பிரச்சினை. இங்கே சொல்வது கராத்தேயில் ஷோட்டோகான் முறை. கோஜு-ரியு, ஷிட்டோ-ரியு ஆட்களுக்குக் கட்டா (தனியே செய்கிற அசைவுத் தொடர்) வேறு, நிலத்தின் கதை ஒன்றுதான்.

[காட்சி: தடியால் மணலில் கோடு கீறும் கை.]

முதலில் மணலின் நல்ல பக்கம். மணல் பொய் சொல்லாத அளவுகோல். தோள் அகலத்துக்கு இரண்டு நேர்கோடு கீறுங்கோ. சென்குட்சு-டாச்சியில் (முன்கால் மடிந்த நிலையில்) இடக்கால் இடக்கோட்டிலும் வலக்கால் வலக்கோட்டிலும் விழ வேண்டும். நீளம் ஏறத்தாழ தோள் அகலத்தின் இரண்டு மடங்கு. பாரம் முன்காலில் 60, பின்காலில் 40. கோக்குட்சு-டாச்சியில் (பின்கால் மடிந்த நிலையில்) அது மாறி, பின்காலில் 70, முன்காலில் 30.

ஐந்து அடி முன்னே போய், நின்று திரும்பிப் பாருங்கோ. தடங்கள் கோட்டை விட்டு உள்ளே வந்திருந்தால் களைப்பில் நிலை ஒடுங்குகிறது என்று அர்த்தம். "மவாத்தே" என்று திரும்பும்போது இது இன்னும் மோசம். பின்காலைக் குறுக்கே மற்றப் பக்கத்துக்குப் போதிய தூரம் எடுக்காமல் திரும்பினால் இரண்டு காலும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். பரீட்சையில் ஆட்கள் தடுமாறுவது உதையில் என்று நினைப்பீர்கள். பாதிப்பேர் தடுமாறுவது இந்தத் திரும்பலில்.

கட்டாவுக்கும் இதே வேலைதான். ஹெய்யான் கட்டா ஐந்தில் முதலாவதான ஹெய்யான் ஷோடானில் 21 அசைவு. தொடங்கிய புள்ளியிலேயே முடிய வேண்டும். தொடங்கும் இடத்தில் ஒரு புளியங்கொட்டை வையுங்கோ. முன்னே போகிற மூன்று அகே-உக்கேயில் (மேல்தடுப்பில்) அடி குறுகி, திரும்பி வருகிற மூன்று குத்தில் வேகத்தோடு அடி நீண்டால், முடிக்கும்போது கொட்டை உங்களுக்கு முன்னே கிடக்கும். எங்கே பிழைத்தது என்று தடமே காட்டித்தரும். மாபிள் நிலத்தில் இந்த வசதி இல்லை.

[காட்சி: மணலில் மவாஷி-கெரி (சுற்றி அடிக்கிற உதை), நிற்கிற பாதத்துக்குக் கிட்ட.]

இனி மணல் ஏமாற்றுகிற இடம். மவாஷி-கெரி அடிக்கும்போது நிற்கிற பாதம் சுழல வேண்டும். மணலில் அது புதைந்து நிற்கும், உடம்பு மட்டும் திரும்பும். திருகல் முழங்காலுக்குப் போகும். மாதக்கணக்கில் இப்படிப் பழகினால் முழங்கால் நோகும், பாதம் சுழற்றவும் மறக்கும். மண்டபத்தில் உதை பாதியில் நிற்கும். இரண்டாவது, பின்குதி. மணலில் குதி தானாகப் புதையும், அழுத்தினதாகத் தெரியும். சீமெந்தில் அதே குதி தூக்கி நிற்கும். கிரவல் மைதானத்தில் சப்பாத்தோடு பழகுகிறவர்களுக்கும் இதுதான் நடக்கும், சப்பாத்தின் குதி உயரம் கணுக்காலை மறக்கடித்துவிடும்.

ஆகவே பரீட்சைக்கு முந்திய மூன்று கிழமையாவது வெறுங்காலோடு கடினமான நிலம் தேடுங்கோ. பொதுநோக்கு மண்டபம், பள்ளிக்கூட விறாந்தை, வீட்டு முன் சீமெந்து, எதுவும் போதும். மாரியில் மைதானம் சேறாகும்போது எப்படியும் விறாந்தைக்குத்தான் வரவேண்டும், அதைப் பயன்படுத்துங்கோ.

[காட்சி: கிஹொன், பக்கவாட்டில்.]

பரீட்சையின் ஒழுங்கு: கிஹொன் (அடிப்படை அசைவுகள்), கட்டா, குமித்தே (இருவர் மோதல்). கிஹொனில் சன்பொன்-சுக்கி (தொடர்ந்து மூன்று குத்து), தடுப்போடு குத்து, உதைகள். இங்கே விழுத்துவது ஹிக்கித்தே, அதாவது மற்றக் கையை இடுப்புக்கு இழுப்பது. குத்துகிற கையில் முழுக் கவனமும் இருக்க, மற்றக் கை இடுப்புக்கு வராமல் வயிற்றடியில் தொங்கும். அடுத்தது யோக்கோ-கெரி, பக்கவாட்டு உதை. கெஅகே மேல்நோக்கி வெட்டி உடனே மடங்குவது, கெகோமி இடுப்பையும் சேர்த்துத் தள்ளுவது. இரண்டையும் ஒரே மாதிரி அடித்தால் இரண்டும் தெரியாது என்றுதான் எழுதுவார்கள்.

கட்டாவில் உங்கள் விருப்பக் கட்டா ஒன்று. பெரும்பாலானோர் எடுப்பது பஸ்ஸாய்-தாய், 42 அசைவு. கன்கு-தாயில் 65, மூச்சுக் குறைவானவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. பஸ்ஸாய்-தாயைக் கெடுப்பது அவசரம். முதற் பாய்ச்சலில் காட்டின பலத்தைப் பிறகு எங்கும் விடாமல் ஒரே ஓட்டமாக ஓடுவார்கள். எங்கே நிறுத்தி, எங்கே விரைந்து போகிறீர்கள் என்பதற்குத்தான் புள்ளி. அதை முடித்த பிறகு பரீட்சகர் ஏதாவதொரு ஹெய்யானையோ தெக்கி ஷோடானையோ கேட்கலாம். ஆறு மாதமாகப் பஸ்ஸாய் மட்டும் செய்தவருக்கு ஹெய்யான் யொண்டான் (நாலாவது) நடுவில் நின்றுபோகும். அதனால் ஒவ்வொரு நாளும் பயிற்சியை ஹெய்யான் ஐந்தோடு தொடங்குங்கோ. தெக்கி 29 அசைவும் பக்கவாட்டில் மட்டும். கால் குறுக்கே போகும்போது தலை உயர்ந்து தாழக்கூடாது. சுவரில் தலை மட்டத்துக்கு ஒரு நூல் கட்டிப் பாருங்கோ, தெரியும்.

[காட்சி: இருவர் எதிரெதிரே.]

ஜியு-இப்பொன் குமித்தேயில் அடிக்கிறவர் இலக்கைச் சொல்லி அடிப்பார், மற்றவர் தடுத்துத் திருப்பிக் குத்துவார். இதில் தெரியாத ஒன்று: அடிக்கிறவருக்கும் புள்ளி உண்டு. கூட்டாளிக்கு இரக்கப்பட்டு முகத்துக்குப் பக்கத்தால் குத்தினால் அது அடியில்லை. தடுப்பவர் அடி புறப்பட முன் நகர்ந்தால் அதுவும் பிழை. திருப்பிக் குத்துவது தோலில் நின்றுவிட வேண்டும், பிறகு பார்வையை எடுக்காமல் தூரம் எடுங்கோ. அடி முடிந்த உடனே தலைமயிரைச் சரிசெய்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. ஸன்ஷின் (அடி முடிந்த பிறகும் விடாத விழிப்பு) இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

வாய்மொழிக் கேள்வியும் வரலாம். ஃபுனாகோஷி கிச்சின் கராத்தேயில் முதல் டான் (கறுப்புப் பட்டி) தரங்களை 1924இல் கொடுத்தார். பட்டி முறை ஜூடோவைத் தொடங்கிய கானோவிடமிருந்து வந்தது. "ஷோடான்" என்றால் தொடக்கப் படி. தோஜோ-குன் (பயிற்சிக்கூட நெறிகள்) ஐந்தையும் தமிழில் விளங்கிச் சொல்லுங்கோ, ஒப்புவிக்காதீங்கோ.

[காட்சி: துவைத்துக் கொடியில் காயும் கி (கராத்தே உடை).]

பரீட்சை நாள். புதுக் கி வாங்கினால் முன்பே இரண்டு மூன்று தரம் துவையுங்கோ, பருத்தி சுருங்கும். செம்மண் கறையை இரவே ஊற வையுங்கோ. நகம் வெட்டி, தோடு, சங்கிலி கழற்றி, கோயில் நூல் கட்டியிருந்தால் டேப் சுற்றிக்கொள்ளுங்கோ. இரண்டு மூன்று மணித்தியாலம் முன் இடியப்பமும் சொதியும் போதும், ஏ9 ஓரத்து ரோல்ஸ் திரும்பி வரும்போது. தண்ணீரோ ஜீவனியோ சிறிது சிறிதாக. முறை வரும்வரை மணிக்கணக்காகக் குந்தியிருக்க வேண்டி வரும், கூப்பிட பத்து நிமிடம் முன் மறுபடி உடம்பைச் சூடாக்குங்கோ. இல்லாவிட்டால் முதல் உதையிலேயே பின்தொடை பிடிக்கும்.

பணம் கட்டும்போது கட்டணத்துக்குள் சான்றிதழும் பதிவும் பட்டியும் அடக்கமா என்று கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கோ. விண்ணப்பத்தில் ஆங்கிலப் பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்திலேயே எழுதுங்கோ. ஒரு எழுத்து மாறினாலும் பிறகு வெளிநாட்டில் காட்டும்போது அது வேறு ஆளின் சான்றிதழாகப் போய்விடும்.