அழகான ஓடு, ஆபத்தான நத்தை

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலு வீடு ஏறி இறங்கினால், ஒரு வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலாவது ஹிக்கடுவைக்கோ திருகோணமலைக்கோ போய்வந்த அடையாளமாகச் சில சங்குகள் இருக்கும். அவற்றில் ஐஸ்கிரீம் கூம்பைப் போல ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கிய, கோலமிட்ட ஓடு ஒன்று இருந்தால், அது கூம்பு நத்தையுடையது. அலுமாரிக்குள் இருக்கும்வரை அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

கடலில் நிலைமை வேறு. வெப்பக் கடல்களில் நூற்றுக்கணக்கான வகைக் கூம்பு நத்தைகள் வாழ்கின்றன. பெரும்பாலானவை புழு தின்பவை. சில மற்ற நத்தைகளைத் தின்னும். மீன் தின்னும் வகைகளிடந்தான் மனிதருக்குக் கூடுதல் ஆபத்து. அவற்றிலும் கொடியது கோனஸ் ஜியோகிராபஸ். செங்கடல் தொடக்கம் பசிபிக் வரை முருகைக்கற்பாறைகளில் வாழ்வது. பகலில் கல்லிடுக்கிலும் மணலிலும் பதுங்கிக் கிடந்து, இருட்டியதும் இரை தேடப் புறப்படும்.

ஊர்ந்து போகிற நத்தை நீந்துகிற மீனை எப்படிப் பிடிக்கிறது? நஞ்சோடு இன்சுலினையும் தண்ணீரில் கலந்துவிடுகிறது என்கிறது 2015இல் வெளியான ஓர் ஆய்வு. மீனின் உடலில் சுரக்கும் இன்சுலினை ஒத்த இன்சுலின் அது. இரத்தத்தில் சர்க்கரை சட்டெனக் குறைந்து மீன் கிறங்கிப்போகும். நத்தை தன் வாயை வலைபோல் அகல விரித்து அதை அப்படியே மூடிக்கொள்ளும். குத்துவது அதற்குப் பிறகுதான். குத்தும் பல் உள்ளே துளையுள்ளது. நுனியில் எதிர்முள் கொண்டது. ஒரு பல் ஒரு குத்துக்குத்தான். அடுத்த முறைக்கு உள்ளே பையில் வேறு பற்கள் தயாராக இருக்கும். அகன்ற பக்கமாகப் பிடித்தால் குத்தாது என்று சிலர் சொல்வதை நம்பவே வேண்டாம். பல்லை நுனியில் ஏந்திய அதன் தும்பிக்கை நீண்டு வளைந்து வரும், பல் கையுறையையும் துளைக்கும்.

இதே நஞ்சுதான் மருந்தாகவும் ஆகியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த பால்டோமெரோ ஒலிவெரா பல ஆண்டுகள் இந்த நஞ்சுகளை ஆராய்ந்தார். கோனஸ் மேகஸ் என்ற இன்னொரு வகையின் நஞ்சிலிருந்து அவருடைய ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்த பொருள் சிகோனோடைட் என்னும் வலிநிவாரணியானது. 2004இல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. மோர்ஃபினும் கைகொடுக்காத கடும் வலிக்கு, முதுகுத்தண்டுத் திரவத்தில் நேரே செலுத்துகிறார்கள்.

இப்படிப்பட்ட உயிரை அலங்காரத்துக்காகப் பிடிப்பது எனக்கு உவப்பில்லை. தானாகச் செத்து அலையில் உருண்ட ஓடு வெளிறி, விளிம்பு உடைந்து கிடக்கும். கடையில் பளபளப்பது பெரும்பாலும் உயிரோடு பிடித்துச் சதையை அகற்றிய ஓடு. உயிருள்ளதின்மேல் பழுப்புத் தோல் படிந்து கோலத்தை மறைப்பதும் உண்டு. ஆகவே மங்கலாகத் தெரிகிறதே, ஆபத்தில்லை என்று கை வைத்துவிடாதீர்கள்.

யாரையாவது குத்திவிட்டால், வலி குறைவென்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. முதலில் மரத்துப்போகும், பிறகு பார்வை மங்கும், பேச்சுக் குழறும், மூச்சுத் தடைப்படும். முறிமருந்து கிடையாது. காயத்தைக் கீறவோ உறிஞ்சவோ வேண்டாம். குத்துப்பட்ட கை காலை அசையவிடாமல் துணிப்பட்டியால் சுற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருங்கள். நஞ்சின் வேகம் தணியும்வரை மூச்சு ஓடினால் ஆள் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு.